தாபான் மரம் முதல் கேட் 6 வரை: சுவருக்குள் ஓடும் கம்பியின் கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் விரிவான எழுத்து வடிவம்)



கணினிக் கடைக்குப் போய், "ஒரு லேன் கேபிள் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரத் தம்பி உடனே எடுத்துத் தரமாட்டார். கேட் 5இ வேண்டுமா, கேட் 6 வேண்டுமா, கேட் 7 புதிதாக வந்திருக்கிறது, கேட் 8 கூட இருக்கிறது என்று அடுக்குவார். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான். இரண்டு பக்கமும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனை, நடுவில் நீலமோ சாம்பலோ ஒரு வால். விலை மட்டும் இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு என்று ஏறிக்கொண்டே போகும். "எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே" என்று நாமும் வாங்கி வந்துவிடுகிறோம்.

கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்ட பொருள் இந்தக் கம்பிதான். நான் பொறியியல் படித்தவன் அல்ல. மக்கள் தொடர்பியலில் டிப்ளோமா முடித்துவிட்டு நேரே ஒளிப்பதிவுக் கூடத்துக்குப் போனவன். அங்கே தரையில் கிடக்கும் கேபிளில் கால் தடுக்கி விழுந்த அனுபவம்தான் நிறைய. ஆனால் இந்தக் கம்பியின் வரலாற்றைத் தேடிப் போனபோது, அது நம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அதனால்தான் கடைக்குப் போகும் முன் சற்றே காட்டுக்குள் போய் வருவோம் என்று அழைக்கிறேன்.

நம் காட்டில் நின்ற மரம்

கம்பி என்றால் செம்பு. செம்புக்கு மேலே ஒரு போர்வை வேண்டும். போர்வை இல்லாவிட்டால் மின்சாரம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பக்கத்தில் உள்ளதோடு கலந்துவிடும். 1840களில் ஐரோப்பாவில் தந்தி பரவியபோது, தரையில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். ஆற்றையும் கடலையும் கடக்கத்தான் வழி தெரியவில்லை. தார் பூசிய சணல் சுற்றிப் பார்த்தார்கள், ரப்பர் பூசிப் பார்த்தார்கள். நாளடைவில் தண்ணீர் வென்றது.

விடை இருந்த இடம் நம் தீபகற்பம். இங்குள்ள காடுகளில் தாபான் என்று ஒரு மரம். அதன் பாலை மலாய்க்காரர்கள் கெத்தா பெர்ச்சா என்றார்கள். வெந்நீரில் போட்டால் மாவு போலக் குழையும், ஆறினால் கட்டையாக இறுகும். பாராங் கத்திக்குப் பிடி செய்ய அதைப் பயன்படுத்தி வந்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்காமரி என்ற ஆங்கிலேய அரசின் மருத்துவர் அந்தப் பிடியைப் பார்த்து வியந்து, 1840களின் தொடக்கத்தில் லண்டனுக்கு மாதிரிகளை அனுப்பினார். மருத்துவக் கருவிகள் செய்ய உதவும் என்பதுதான் அவருடைய எண்ணம். ஆனால் 1847இல் ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் இந்தப் பிசினைக் கம்பியின் மேல் இடைவெளி இல்லாமல் அழுத்திப் பூசும் இயந்திரத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே மைக்கேல் ஃபாரடே, இது மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவதில் மிகச் சிறந்தது என்று எழுதினார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பிவடம் வேலை செய்யத் தொடங்கியது. செம்பைக் கடல்நீரிலிருந்து காத்தது நம் காட்டுப் பிசின்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கெத்தா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரப்பர்தான். நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் எழுந்து வெட்டிய ரப்பர் மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது இந்த மண்ணில் கால் வைத்தது 1870களில். தாபான் அதற்கு முன்பே இங்கு இருந்த காட்டு மரம். ரப்பர் மரத்தைக் கீறினால் பால் வடியும், மரம் வாழும், மறுநாளும் பால் தரும். தாபான் பால் அப்படி ஓடி வராது, வெளியே வந்ததும் இறுகிவிடும். ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறிப் பாலை எடுத்தார்கள். காட்டுக்குள் போய் அதைச் செய்தவர்கள் மலாய்க்காரர்களும் பூர்வகுடி மக்களும்.

ஒரு மரத்தைச் சாய்த்தால் சராசரியாகக் கிடைத்தது அரை கிலோவுக்கும் குறைவு. 1866இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் வெற்றிகரமாகப் போடப்பட்ட கம்பிவடத்தில் ஒரு கடல் மைலுக்கு 400 பவுண்டு, அதாவது சுமார் 181 கிலோ கெத்தா பெர்ச்சா இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கடல் மைலுக்கு 350க்கும் மேற்பட்ட மரங்கள். ஏறத்தாழ ஐந்து மீட்டர் கம்பிக்கு ஒரு முழு மரம்! அட்லாண்டிக்கின் அகலமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அதைப் போல எத்தனை கடல்கள், எத்தனை கம்பிவடங்கள். 1850களின் இறுதிக்குள்ளாகவே சிங்கப்பூர்த் தீவில் தாபான் மரம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பிறகு ஜொகூர், பேராக், பகாங், சுமத்ரா, போர்னியோ என்று கோடாரி நகர்ந்தது. உலகம் பேசிக்கொள்வதற்காக நம் காடு கொடுத்த விலை இது. பள்ளிப் பாடநூலில் ஈயத்துக்கும் ரப்பருக்கும் கிடைத்த பக்கங்கள் இந்த மரத்துக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தக் கம்பி நம்மிடமும் வந்தது. 1859இல் டச்சுக்காரர்கள் பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, சிங்கப்பூருக்கு ஒரு கடலடிக் கம்பிவடம் போட்டார்கள். அது அடிக்கடி அறுந்து, கடைசியில் கைவிடப்பட்டது. நிலைத்து நின்ற இணைப்பு 1871இல் வந்தது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? சென்னையிலிருந்து. சென்னைக் கடற்கரையில் இறங்கிய கம்பி வங்கக் கடலைக் கடந்து பினாங்கைத் தொட்டு, அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. கப்பலில் நாள்கணக்கில் மிதந்து வந்த செய்தி, கம்பியேறி வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கரைக்கும் மலாயாக் கரைக்கும் இடையே முதல் மின் இணைப்பு, மலாயாக் காட்டுப் பிசின் பூசிய செம்பு.

செம்பு செம்புதானா?

அட்லாண்டிக் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. அது நேரடியாக இன்றைய கணினிக் கடைக்கு வந்து சேரும் பாடம்.

1866க்கு முன்பே, 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், முதல் அட்லாண்டிக் கம்பிவடம் போடப்பட்டுவிட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்க அதிபருக்கு 98 சொற்களில் வாழ்த்து அனுப்பினார். அது போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. ஊரெல்லாம் வாணவேடிக்கை. ஆனால் மூன்று வாரங்களில் கம்பி ஊமையாகிவிட்டது. செய்தி மெதுவாகப் போகிறதே என்று, பொறுப்பில் இருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் அழுத்தத்தை அதில் செலுத்தினார். ஏற்கனவே பலவீனமாக இருந்த போர்வை தாங்கவில்லை. (இவரும் ஒரு மருத்துவர்! கம்பியைக் காக்கும் பிசினை உலகுக்குக் காட்டியதும் மருத்துவர், கம்பியைக் கொன்றதும் மருத்துவர்.)

அவரோடு கருத்து வேறுபட்டவர் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர். வேகம் வேண்டுமானால் அழுத்தத்தைக் கூட்டாதே, கம்பியைத் தடிமனாக்கு, செம்பைச் சுத்தமாக்கு என்பது அவர் வாதம். 1857இலேயே அவர் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் செம்புக் கம்பிகளை அளந்து பார்த்திருந்தார். பார்வைக்கு எல்லாம் செம்பு. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும் திறனில் ஒன்றுக்கொன்று பெரும் வித்தியாசம். கொஞ்சம் அசுத்தம் கலந்தாலே போதும், செம்பு தன் குணத்தை இழந்துவிடுகிறது. அடுத்த கம்பிவடத்தில் ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டாக இருந்த செம்பு 300 பவுண்டாக உயர்ந்தது. தரம் குறைந்த செம்பைத் திருப்பி அனுப்பும் நிபந்தனையும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1866இன் வெற்றிக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று, அதாவது தாம்சன் அளந்து பார்த்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு, நம் கடைகளில் நடப்பது என்ன? உள்ளே அலுமினியம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. பெட்டியின் மேல் கேட் 6 என்று கொட்டை எழுத்து. அலுமினியத்தின் கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 விழுக்காடுதான். சர்வதேசத் தரநிலைகளின்படி இப்படிப்பட்ட கம்பியைக் கேட் 6 என்று அழைக்கவே கூடாது. ஆனாலும் இணையக் கடைகளில் தாராளமாக விற்கிறது. வீட்டுக்குள் சுவரை உடைத்துப் பதிப்பவர்கள்கூட, தெரிந்தோ தெரியாமலோ, அதைத்தான் பதித்துவிட்டுப் போகிறார்கள்.

நேயர் ஒருவரின் கேள்வி

கருத்தரங்கில் கிள்ளானைச் சேர்ந்த ஓர் அம்மா கேட்ட கேள்வி இதுதான். இரட்டை மாடி வீடு. புதுப்பிக்கும்போது ஒவ்வோர் அறைக்கும் கேபிள் போட்டு, பூசி, சாயம் அடித்து முடித்துவிட்டார்கள். 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார். மேல்மாடி அறையில் படிக்கும் மகனுக்கு 95க்கு மேல் ஏறுவதே இல்லை. சேவை நிறுவனத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து, "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "தம்பி, யாரைத்தான் நான் கேட்பது?" என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

அவர் சொன்ன 95 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வரலாற்றில் இன்னும் இரண்டு படி ஏற வேண்டும்.

முதல் படி, முறுக்கு. தொலைபேசி வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு ஒரே கம்பிதான். மின்னோட்டம் திரும்பி வரும் பாதை பூமி. பக்கத்தில் மின்விளக்குக் கம்பியும் டிராம் வண்டியும் வந்தவுடன் தொலைபேசியில் ஒரே இரைச்சல். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இல் இதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். இரண்டு கம்பிகளைச் சடை பின்னுவது போல ஒன்றோடொன்று முறுக்குவது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்கும். கேட்கும் முனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பொதுவான இரைச்சல் கழிந்துபோகும், பேச்சு மட்டும் மிஞ்சும். இன்றைய லேன் கேபிளின் தோலை உரித்துப் பாருங்கள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு சோடி. நான்கும் முறுக்கியிருக்கும். ஒவ்வொரு சோடியின் முறுக்கும் வெவ்வேறு நெருக்கத்தில் இருக்கும், அப்போதுதான் ஒன்றின் பேச்சை மற்றது ஒட்டுக் கேட்காது. கேட் 5, கேட் 6 என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த முறுக்கை எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்பதற்கான மதிப்பெண்.

இரண்டாவது படி, கணினி. 1973ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி, அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் என்ற இளைஞர் ஒரு குறிப்பு எழுதினார். ஆய்வுக்கூடத்தில் உள்ள கணினிகளை ஒன்றோடொன்றும், புதிதாக உருவாக்கிய லேசர் அச்சு இயந்திரத்தோடும் இணைப்பது எப்படி என்பது பொருள். ஹவாய்த் தீவுகளில் வானொலி மூலம் கணினிகளை இணைத்த அலோஹாநெட் என்ற திட்டம் அவருக்கு வழிகாட்டி. அங்கே எல்லாரும் ஒரே காற்றில் பேசினார்கள். மெட்கால்ஃப் காற்றுக்குப் பதில் ஒரே கேபிளைப் போட்டார். அதற்கு ஈத்தர்நெட் என்று பெயர் வைத்து, டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து உருவாக்கினார். வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட்.

1980களில் இது 10 மெகாபிட் தரநிலையாக அலுவலகங்களுக்கு வந்தபோது, கேபிள் இப்போது இருப்பது போல் இல்லை. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமன், மஞ்சள் நிறம், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் போன்ற முரட்டு வடம். அதிகபட்சம் 500 மீட்டர். இரண்டரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டில்தான் ஓட்டை போட்டு, பல் போன்ற ஊசியை உள்ளே இறக்கிக் கணினியை இணைக்க வேண்டும். இரத்தம் குடிக்கும் காட்டேரியின் பெயரையே அந்தக் கருவிக்கு வைத்தார்கள். பிறகு மெல்லிய கேபிள் வந்தது. டி வடிவ இணைப்பான் ஒவ்வொரு மேசையிலும் இருக்கும். ஒருவர் மேசையை நகர்த்தி ஒரு முனை கழன்றால் போதும், அந்த வரிசையில் உள்ள அத்தனை பேருக்கும் வேலை நின்றுவிடும். அந்தக் காலத்தில் அலுவலகத்தில் இருந்தவர்கள், யார் காலால் உதைத்தது என்று மேசை மேசையாகத் தேடியதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

மாற்றம் 1990இல் வந்தது. கட்டடங்களில் தொலைபேசிக்காக ஏற்கனவே போட்டிருந்த முறுக்குச் சோடியிலேயே 10 மெகாபிட் அனுப்பலாம் என்ற தரநிலை ஏற்கப்பட்டது. ஒரு கணினிக்கு ஒரு கம்பி, எல்லாம் நடுவில் ஒரு பெட்டியில் வந்து சேரும். ஒன்று கழன்றால் ஒருவருக்கு மட்டும்தான் பாதிப்பு. மஞ்சள் வடத்தின் காலம் முடிந்தது.

தொலைபேசியின் நிழல் இன்றும் இந்தக் கேபிளில் விழுந்து கிடக்கிறது. முனையில் எட்டுக் கம்பிகளை அடுக்கும் வரிசையைப் பாருங்கள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சைச் சோடி மட்டும் ஏன் பிரிந்து, நீலத்தை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் நிற்கிறது? நடுவில் உள்ள இரண்டும் தொலைபேசிக்கான இடம். பழைய தொலைபேசிக் கம்பி அங்கேதான் வரும் என்று ஒதுக்கி வைத்தார்கள். வீட்டிலேயே முனை மாட்டும் தம்பிமார்கள் சிலர், "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சரி" என்று தம் விருப்பப்படி நிறங்களை அடுக்குகிறார்கள். விளக்கு எரியும் சோதனைக் கருவியில் எட்டும் எரியும். ஆனால் சோடி சோடியாகப் போக வேண்டியது பிரிந்து போவதால் முறுக்கின் பயன் இல்லாமல் போய், இரைச்சலில் வேகம் சாகும். பெல் 1881இல் தீர்த்து வைத்த பிரச்சினையை நாமே மீண்டும் வரவழைத்துக்கொள்கிறோம்.

எண்களின் வரலாறு

1991இல் அமெரிக்கத் தரநிலை அமைப்பு கேட் 3, கேட் 4, கேட் 5 என்று வகை பிரித்தது. 1995இல் 100 மெகாபிட் வேகம் வந்தது. அதற்கு நான்கு சோடிகளில் இரண்டு போதும். 1999இல் 1,000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் வந்தது. அதற்கு நான்கு சோடியும் வேண்டும். கேட் 5ஐச் சற்றே இறுக்கிக் கேட் 5இ ஆக்கினார்கள். 2002இல் கேட் 6, 2008இல் கேட் 6ஏ, 2016இல் கேட் 8.

இப்போது கிள்ளான் அம்மாவின் 95க்கு வருவோம். நான்கு சோடியில் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலோ முனையில் சரியாக உட்காராவிட்டாலோ, கிகாபிட் நடக்காது. இரண்டு பக்கமும் உள்ள கருவிகள் பேசிப் பார்த்துவிட்டு, இரண்டு சோடி போதுமான 100க்குத் தாமாகவே இறங்கிவிடும். செலவெல்லாம் போகக் கையில் மிஞ்சுவது 95. எந்த எச்சரிக்கையும் வராது, இணையம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஆகவே 90க்கும் 95க்கும் நடுவில் ஓர் எண் அசையாமல் நின்றால், சேவை நிறுவனத்தைக் கூப்பிடும் முன் கம்பியைப் பாருங்கள். கணினியின் அமைப்புகளில் இணைப்பு வேகம் 100 என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

அம்மா வீட்டுக்கு அடுத்த வாரம் அவருடைய உறவினர் ஒருவர் போய் மேல்மாடிச் சுவர் முனையைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். பழுப்புக் கம்பி மடங்கிய இடத்தில் முறிந்திருந்தது. கத்தியால் சுரண்டியபோது உள்ளே வெள்ளி நிறம். அலுமினியம் செம்பைப் போல வளைந்து கொடுக்காது, இரண்டு மூன்று முறை மடக்கினால் முறிந்துவிடும். முனையை வெட்டி மீண்டும் மாட்டியதில் வேகம் வந்துவிட்டது. ஆனால் வீடு முழுக்கச் சுவருக்குள் இருப்பது அந்தக் கம்பிதான். அதை எடுப்பதென்றால் புதிய சாயத்தையும் பூச்சையும் உடைக்க வேண்டும். போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுப்பதில்லையாம்.

அப்படியென்றால் எதை வாங்குவது?

நம் நாட்டில் 2010 மார்ச் மாதம் யூனிஃபை வந்ததிலிருந்து ஒளியிழை வீடு வரை வந்துவிட்டது. சிங்கப்பூரிலும் அதே ஆண்டில்தான் தேசிய அகன்ற அலைவரிசைச் சேவை தொடங்கியது. வீட்டு வாசல் வரை கண்ணாடி இழையில் வரும் வேகம், கூடத்தில் உள்ள பெட்டிக்குப் பிறகு வைஃபையை நம்பி நிற்கிறது. செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அதைத் தின்றுவிடும். சிங்கப்பூர் வாசகர்களுக்கு இன்னொரு தடை, 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் உள்ள பாதுகாப்பறை. குண்டுக்குத் தாங்கும்படி கட்டிய சுவர் வைஃபைக்கு வழிவிடுமா?

சுவருக்குள் பதிக்கிறீர்கள் என்றால் முழுச் செம்புக் கேட் 6 போதும் என்பது என் முடிவு. ஒரு கிகாபிட்டை 100 மீட்டர் வரை கொண்டுபோகும். 2016இல் வந்த தரநிலைப்படி இரண்டரை கிகாபிட்டையும் ஐந்து கிகாபிட்டையும் தாங்கும். 10 கிகாபிட்டைக்கூட ஏறத்தாழ 50 மீட்டர் வரை கொண்டுபோகும். எந்த மாடி வீட்டில் 50 மீட்டர் கம்பி தேவைப்படுகிறது? ஏற்கனவே கேட் 5இ பதித்திருந்தால் அதைப் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல செம்பாக இருந்தால் கிகாபிட்டுக்கு அது தாராளம்.

கேட் 7 என்று விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்த வகையை அமெரிக்கத் தரநிலை ஏற்கவே இல்லை. அதன் முறையான இணைப்பானும் நம் வீட்டில் உள்ள ஆர்ஜே45 அல்ல. சாதாரண முனையை மாட்டி, காகிதம் போலத் தட்டையான கம்பிக்குக் கேட் 7 என்று பெயர் வைத்திருந்தால், அது பெயர் மட்டும்தான். கேட் 8 கணினி நிலையங்களுக்கானது, அதன் எல்லையே 30 மீட்டர். உலோகத் தாள் சுற்றிய கேபிளும் வீட்டுக்குத் தேவைப்படுவது அரிது. அந்தத் தாளை முறையாகப் பூமி இணைப்போடு சேர்க்காவிட்டால், கொடுத்த கூடுதல் பணத்துக்குப் பயன் இல்லை.

சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பியாகவும், மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஆடுவது பல இழைக் கம்பியாகவும் இருக்க வேண்டும். இழைக் கம்பி வளைந்து கொடுக்கும், ஒற்றைக் கம்பி தொலைவு போகும்.

செம்பா, அலுமினியமா என்று கண்டுபிடிக்க ஒரு சிறு துண்டை வெட்டிக் கேளுங்கள். கத்தியால் சுரண்டினால் செம்பு உள்ளே வரை சிவப்பாகவே இருக்கும். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், அலுமினியப் பெட்டி சந்தேகப்படும்படி இலேசாக இருக்கும். வாசலில் கண்காணிப்புக் கேமரா வைத்து, மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்புகிறவர்களுக்கு இது வேகத்தின் பிரச்சினை மட்டும் அல்ல. எதிர்ப்பு அதிகமான கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு ஏறும். கட்டுக்கட்டாகச் சுவருக்குள் இருக்கும் கம்பி சூடாவதை யாரும் பார்க்கப் போவதில்லை.

மின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகிலேயே இடி மின்னல் மிகுந்த இடங்களில் நம் தீபகற்பமும் ஒன்று. ஒரு வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கோ, பின்னால் உள்ள கடைக்கோ வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். அருகில் எங்கோ விழும் மின்னல்கூட அந்தக் கம்பியில் ஏறி இரண்டு பக்கப் பெட்டிகளையும் எரித்துவிடும். கட்டடம் விட்டுக் கட்டடம் போக ஒளியிழைதான் சரி. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.

அந்த 1871ஆம் ஆண்டுக் கம்பிவடத்தின் போர்வை தாபான் பால். இன்று உங்கள் கேட் 6 கம்பியின் எட்டு இழைகளுக்கும் போர்வை பாலிஎத்திலீன். இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் 1933இல் தற்செயலாகப் பிறந்த பொருள் அது. கெத்தா பெர்ச்சாவின் இடத்தை அது பிடித்த பிறகுதான் கம்பிக்காகக் காட்டில் மரம் விழுவது ஓய்ந்தது. இன்றும் புக்கிட் தீமா காட்டில் சில தாபான் மரங்கள் நிற்கின்றன. இலையின் மேல்புறம் பச்சை, அடிப்புறம் செம்பு நிறத்தில் மின்னும். பிள்ளைகளை அழைத்துப் போனால் காட்டுங்கள்.

கிள்ளான் அம்மாவுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். இப்போதைக்குச் சுவரை உடைக்க வேண்டாம். ஒவ்வொரு முனையையும் ஆள் வைத்துப் புதிதாக மாட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். முனையில் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று கேட்டு வாங்குங்கள். அந்தக் கேபிள் வழியாகக் கேமராவுக்கு மின்சாரம் அனுப்பாதீர்கள். மகன் அறைக்கு மட்டும் முழுச் செம்புக் கேட் 6 ஒன்றைச் சுவர் ஓரமாக, வெள்ளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். அழகு சற்றுக் குறையும், வேலை நடக்கும்.

இனிமேல் வீடு கட்டுகிறவர்களும் புதுப்பிக்கிறவர்களும் கம்பியை நேராகச் சிமெண்டில் புதைக்க விடாதீர்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பிவிசி குழாய் போடச் சொல்லுங்கள். கேபிளோடு சேர்த்து அதற்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். பத்தாண்டு கழித்து வேறு கம்பி வேண்டியிருந்தால், கயிற்றின் ஒரு முனையில் கட்டி மறுமுனையில் இழுத்தால் வந்துவிடும். ஒப்பந்தக்காரர் கூலி கேட்பார், கொடுங்கள்.